ஓடினான் சரி, எப்படி ஓடினான்? ஆங்கிலத்தின் வேக வினைச்சொற்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விபத்தைப் பார்த்த சாட்சிகள் தமிழில் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தருவதுதான் மும்பையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக. தாராவி 90 அடி ரோட்டில் ஒரு டெம்போ, சைக்கிளில் போன பையனை இடித்துவிட்டது. பக்கத்து இட்லிக் கடைக்காரர் சொன்னது ஒரே வரி: "இடிச்சதும் டிரைவர் குதிச்சு ஓடினாருங்க." நான் யோசிக்காமல் "த டிரைவர் ஃப்ளெட்" என்று எழுதிவிட்டேன். படிக்கும்போது கம்பீரமாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்த டிரைவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் அப்பா வயது இருக்கும். "தம்பி, நான் எங்க ஓடிப்போனேன்? பையனுக்குத் தண்ணி வாங்க எதிர்க்கடைக்கு ஓடினேன். தப்பிச்சு ஓடினவன்னு எழுதிப்புட்டியே!" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி, இப்பவே மாத்தித் தாரேன்" என்று சொல்லி, "ரஷ்ட் அக்ராஸ் த ரோடு டு கெட் வாட்டர்" என்று திருத்திக் கொடுத்தேன். சம்பவம் அதே சம்பவம்தான். சொல் மாறியதும் தப்பியோடியவர், உதவ ஓடியவர் ஆனார்.

இப்போது சயான் கோலிவாடாவில் மாலை நேரத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த வகை வினைச்சொற்களுக்கு மட்டும் நான்கு வகுப்புகள் ஒதுக்குவேன். அந்த அண்ணாச்சியின் முகம் இன்னும் மறக்கவில்லை என்பது ஒரு காரணம். அகராதியில் இவற்றில் பாதிக்கு "வேகமாக ஓடு", "விரைந்து செல்" என்றே போட்டிருக்கும் என்பது இன்னொரு காரணம். அதை வைத்துக்கொண்டு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் தமிழ் வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள்

தமிழில் "ஓடு" என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவோ சமாளிக்கிறோம். ஓட்டத்தின் லட்சணத்தை அதற்கு முன்னால் வைக்கிறோம்: குடுகுடுவென ஓடினான், தலைதெறிக்க ஓடினான், விழுந்தடித்துக்கொண்டு ஓடினான், பின்னங்கால் பிடரியில் பட ஓடினான். பின்னால் ஒரு துணைவினையைச் சேர்த்து நம் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறோம்: ஓடி வந்தான், ஓடிவிட்டான், ஓடிப்போனான். "பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள்" என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "ஓடிப்போனாள்" என்றால் தெருவே கூடிவிடும்.

ஆங்கிலத்தில் இந்த முன்பக்கமும் பின்பக்கமும் பெரும்பாலும் வினைக்குள்ளேயே அடைந்து கிடக்கின்றன. குடுகுடுவுக்கு ஒரு வினை, தலைதெறிக்க ஓடுவதற்கு வேறு வினை, பயந்து ஓடுவதற்கு இன்னொன்று. அதனால்தான் அங்கே இத்தனை சொற்கள்.

ஆகவே, ஆங்கில வார்த்தையைத் தேடுவதற்கு முன் தமிழ் வாக்கியத்தை அலங்காரத்தோடு எழுதிப் பாருங்கள். "அவன் ஓடினான்" என்பது போதாது. பாட்டியிடம் கதை சொல்வதுபோல எழுதுங்கள். முன்னால் "அரக்கப் பரக்க" வந்ததா, "சரேலென்று" வந்ததா, "தறிகெட்டு" வந்ததா? அந்தச் சொல்தான் சாவி. முன்னால் ஒன்றும் வரவில்லை என்றால் "ரன்" என்றே எழுதிவிட்டுப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல ஆங்கிலம் எழுதுபவர்கள் பத்து இடத்தில் எட்டு இடத்திலாவது "ரன்" என்றுதான் எழுதுவார்கள் என்பது என் கணிப்பு. மசாலா எல்லாக் குழம்புக்கும் வேண்டியதில்லை.

இரண்டாவது: கால் ஓடுகிறதா, கடிகாரம் ஓடுகிறதா?

"ஹரி" என்ற வினையை ஓட்டம் என்று நினைப்பவர்கள் அதிகம். அதற்குக் கால் கட்டாயமில்லை. உட்கார்ந்த இடத்திலேயே "ஹரி" பண்ணலாம்: சாப்பாட்டை அவசரமாக முடிக்கலாம், கணக்கை அவசரமாகப் போடலாம். நேரம் போதவில்லை, அதனால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். நம் "ஓட்டமும் நடையுமாக" என்பது இதற்குப் பக்கத்தில் வருகிறது. "ஹரி அப்" என்று அம்மா கத்தினால் ஓடச் சொல்லவில்லை, கிளம்பச் சொல்கிறாள்.

மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க நான் லோக்கல் ரயிலைத்தான் எடுத்துக்கொள்வேன். ஃபாஸ்ட் லோக்கலில் ஏறினால் சீக்கிரம் போய்விடுகிறோம். அது பல ஸ்டேஷன்களில் நிற்காமல் போவதே அதற்குக் காரணம். ஓட்டத்தின் வேகம் வேறு, நேரம் மிச்சமாவது வேறு. "ஹரி" இரண்டாவது கட்சி.

"ரஷ்" ஒரு படி மேலே. அவசரத்தோடு ஒரு பதற்றமும் நோக்கமும் சேர்ந்தால் "ரஷ்". அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு ஆங்கிலப் பத்திரிகைகளில் எப்போதும் இதுதான்: "வாஸ் ரஷ்ட் டு ஹாஸ்பிட்டல்". யோசிக்காமல் அவசரப்பட்டுச் செய்வதற்கும் இதே சொல்தான். "டோன்ட் ரஷ் மீ" என்றால் என்னை அவசரப்படுத்தாதே என்று பொருள்.

இங்கே நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. "தாதர்ல பயங்கர ரஷ்ஷு" என்கிறோம். கூட்டம் என்று அர்த்தம். மும்பையில் இந்தி, மராத்தி பேசுபவர்களும் அப்படியே சொல்கிறார்கள். நமக்குள் பேச அது போதும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு "தேர் வாஸ் லாட் ஆஃப் ரஷ்" என்று எழுதினால் அவருக்குச் சட்டென்று விளங்காது. கூட்டத்துக்கு "கிரவுடட்" என்று எழுதுங்கள். "ரஷ் அவர்" என்ற தொடர் மட்டும் எல்லா ஊரிலும் செல்லும்.

"ஹேஸன்" என்று ஒன்று உண்டு. எழுத்தில் ஒரு "டி" இருக்கிறது, வாயில் வராது. விரைந்து சொல்ல, விரைந்து செய்ய என்ற தொனியில் கொஞ்சம் பழைய, எழுத்து நடைச் சொல். "உடனே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்" என்கிற இடத்தில் "ஐ ஹேஸன் டு ஆட்" என்பார்கள். தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது: எதற்காக ஓடினான்?

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். அண்ணாச்சி விஷயத்தில் நான் சறுக்கியதும் இங்கேதான்.

ஒன்றை நோக்கி, கொஞ்ச தூரம், திடீரென்று ஓடினால் "டாஷ்". மழை வருகிறது, துணி காய்கிறது, மாடிக்கு ஓடுகிறோம். பால் பொங்குகிறது, சமையலறைக்கு ஓடுகிறோம். தூரம் சின்னது, காரணம் தெளிவு, முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்துவிடலாம். "ரஷ்" அளவுக்குப் பதற்றம் இதில் இல்லை. வீட்டை விட்டு அவசரமாகக் கிளம்புகிறவர் "ஐ மஸ்ட் டாஷ்" என்று சொல்வது பிரிட்டிஷ் வழக்கம்.

ஆனால் "டாஷ்" நம் ஊரில் வேறு வேலை பார்க்கிறது. "பஸ் போஸ்ட்ல டாஷ் அடிச்சிருச்சு" என்கிறோம். இடித்தது என்று பொருள். இதை முழுத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லின் பழைய பொருளே அடிப்பது, மோதித் தெறிப்பதுதான். அலை பாறையில் மோதுவதற்கு இன்றும் அது செல்லும், நம்பிக்கையைச் சிதறடிப்பதற்கும் செல்லும். காரில் இருக்கும் டாஷ்போர்டின் பெயரும் அங்கிருந்துதான் வந்தது. குதிரை வண்டிக் காலத்தில் குளம்பு தெறிக்கவிடும் சேறு வண்டிக்காரர் மேல் படாமலிருக்க முன்னால் ஒரு பலகை வைத்தார்கள், அதுதான் முதல் டாஷ்போர்டு. ஆனாலும் விபத்து அறிக்கையில் "த கார் டாஷ்ட் த ஸ்கூட்டர்" என்று எழுதாதீர்கள். "ஹிட்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் கார் ஸ்கூட்டரைத் தேடி ஆசையாக ஓடியதா என்று யாராவது கேட்பார்கள். என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

"ஸ்பிரிண்ட்" உடம்பின் விஷயம். முழு பலத்தையும் காலில் கொடுத்துக் குறைந்த தூரம் ஓடுவது. காரணம் எதுவாகவும் இருக்கலாம், அதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை. "ரேஸ்" என்றால் எதிரே ஒரு போட்டி இருக்க வேண்டும். அது இன்னொரு ஆளாக இருக்கலாம், கடிகாரமாக இருக்கலாம், ஏறிவரும் வெள்ளமாகவும் இருக்கலாம். நெஞ்சு படபடவென்று அடிப்பதையும் "ரேஸ்" என்பார்கள்.

அடுத்தது ஓடிப்போகும் கூட்டம். "ஃப்ளீ" என்றால் ஆபத்திலிருந்தோ சட்டத்திலிருந்தோ தப்பிப் போவது. வேகம் அதில் இரண்டாம் பட்சம். ஒரு குடும்பம் போருக்குப் பயந்து மாட்டு வண்டியில் மெதுவாகப் போனாலும் அது "ஃப்ளீ"தான். இறந்தகாலம் "ஃப்ளெட்". உச்சரிப்பில் "ஃப்ளீ" நாய் மேல் இருக்கும் தெள்ளுப் பூச்சியின் பெயரைப் போலவே இருக்கும், எழுத்து வேறு. "அப்ஸ்காண்ட்" என்பது போலீஸ் வார்த்தை, தலைமறைவு என்று நம் பத்திரிகைகள் எழுதுவது. அதில் காலின் வேகம் முக்கியமில்லை, ரகசியமாக நழுவி ஒளிவதுதான் முக்கியம்.

"போல்ட்" தனி ரகம். அசையாமல் நின்ற குதிரை எதையோ கண்டு மிரண்டு, கட்டை அறுத்துக்கொண்டு பாய்கிறதே, அந்தப் படத்தை மனதில் வையுங்கள். தொடக்கத்தின் திடீர்த்தனம்தான் இதன் உயிர். இந்தப் பெயர் கொண்ட ஓட்டக்காரரையே எடுத்துக்கொள்வோம். உசைன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். அது "ஸ்பிரிண்ட்". 2011-இல் தேகுவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே கிளம்பி, தகுதி இழந்து வெளியேறினார். அன்று அவர் செய்ததுதான் அசல் "போல்ட்" என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் அதற்கப்புறம் மறப்பதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. "போல்ட்" என்று எழுதிவிட்டால் படிப்பவர் மனதில் பயமோ குற்றமோ வந்து உட்கார்ந்துகொள்ளும். செக்யூரிட்டியைப் பார்த்ததும் ஒருவன் "போல்ட்" பண்ணினான் என்றால் அவனிடம் ஏதோ இருக்கிறது என்று நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். நேரில் தெரியாத எதையும் வினைச்சொல்லில் நுழைக்காதீர்கள். புகார் மனுவோ, ஆபீஸ் அறிக்கையோ, இன்சூரன்ஸ் படிவமோ எழுதும்போது சந்தேகம் வந்தால் "ரன்". அதற்குத்தான் அந்தச் சொல் இருக்கிறது.

கோபத்துக்கும் ஒரு வினை உண்டு. "ஸ்டார்ம் அவுட்": விருட்டென்று எழுந்து போவது. கதவு சாத்தும் சத்தமும் அதற்குள்ளேயே கேட்கும். "சார்ஜ்" என்பது இலக்கைக் குறிவைத்துப் பாய்வது. யானை, காளை, படை. நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, லத்தி சார்ஜ் என்ற சொல்லைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்.

நான்காவது: ஓடுவது யார், என்ன சைஸ்?

சின்னதுகளின் ஓட்டத்துக்கு ஆங்கிலம் தனிச் சொற்கள் வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும்.

எலி, எறும்பு, கரப்பான் ஓடுவது "ஸ்கரி". குட்டிக் குட்டி அடிகள், கொஞ்சம் பயம், ஒதுங்க ஒரு மூலை. மனிதருக்குச் சொன்னால் லேசான கேலி கலந்துவிடும்: மேனேஜர் வரும் சத்தம் கேட்டதும் டீ கப்போடு தங்கள் இடத்துக்கு ஓடுகிறவர்கள் "ஸ்கரி" பண்ணுகிறார்கள். இந்தச் சொல்லோடு சேர்ந்து "ஹரி-ஸ்கரி" என்று ஒரு பழைய இரட்டை வழக்கும் அங்கே உண்டு. நம் இரட்டைக்கிளவியைப் பார்த்த மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம்.

அதே குட்டி அடிகளில் பயத்தை எடுத்துவிட்டு விளையாட்டைப் போட்டால் "ஸ்கேம்பர்". அணில், நாய்க்குட்டி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். நம் "குடுகுடு" இரண்டுக்கும் பொது என்பதால் தமிழர்கள் குழம்புவது இங்கேதான். ஓடுகிறவன் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

"ஸ்கட்டில்" என்பது நண்டு. ஜுஹு கடற்கரையில் காலடி பட்டதும் வளைக்குள் போய் மறைகிறதே, அந்த ஓட்டம். பத்திரிகையில் ஒரு திட்டத்தை "ஸ்கட்டில்" செய்தார்கள் என்று படித்தால் அது வேறு சொல், கப்பலில் ஓட்டை போட்டு மூழ்கடிப்பதிலிருந்து வந்தது. நண்டைத் தேடாதீர்கள்.

"டார்ட்" என்பது பல்லி. அசையாமல் இருந்து, சரேலென்று ஒரு பாய்ச்சல், மறுபடி அசையாமை. மீன், தட்டான்பூச்சி, கண் பார்வை எல்லாம் "டார்ட்" ஆகும். கையால் எறியும் சின்ன ஈட்டிக்கும் அதே பெயர் என்பதால் நேர்கோடும் கூர்மையும் இதில் உண்டு. போக்குவரத்துக்கு நடுவே சந்து பார்த்துப் புகுந்து போகும் டெலிவரி பையனுக்குப் பொருத்தமான சொல். "போல்ட்" தப்பித்துப் போய்விடும், திரும்பி வராது. "டார்ட்" அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது: கனமும் சத்தமும்

இதற்கு மாட்டுங்கா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். ஃபாஸ்ட் லோக்கல் அங்கே நிற்காது. அது கடக்கும்போது நீங்கள் எதைக் கவனிக்கிறீர்களோ, அதைப் பொறுத்துச் சொல் மாறும்.

காதைக் கவனித்தால் "விஸ்". விர்ரென்று பக்கத்தில் கடந்துபோகும் சத்தம். தோட்டாவுக்கும் பந்துக்கும் இதே சொல். "ஸூம்" என்பதிலும் சத்தம் இருக்கிறது, ஆனால் அது இன்ஜினின் முழக்கம், ஏறிப்போகும் சுருதி. மோட்டார் பைக்குக்குப் பொருந்தும். அடுத்து, கனத்தைக் கவனித்தால் "ஹர்ட்டில்". அவ்வளவு பெரிய இரும்பு, நிறுத்த முடியாத வேகம், குறுக்கே எது வந்தாலும் போச்சு. பிரேக் பிடிக்காத லாரி, மலையில் உருளும் பாறை. தமிழில் "தறிகெட்டு ஓடியது" என்போமே, அதற்கு மிக நெருக்கம். தறி என்பது மாட்டைக் கட்டும் முளை. முளை போன மாட்டுக்கு யார் பொறுப்பு?

"டேர்" என்பது ஆபத்தைப் பற்றிக் கவலைப்படாத வேகம். தலைதெறிக்க. படிக்கட்டில் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கும் பையன் செய்வது. கிழிப்பது என்ற வினையும் இதுவே, காற்றைக் கிழித்துக்கொண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்தகாலம் "டோர்". கண்ணீருக்கும் அதே எழுத்துகள், ஆனால் உச்சரிப்பு "டியர்". என் வகுப்பில் ஒரு பையன் "ஹி டியர்ட் டவுன் த ஸ்டெப்ஸ்" என்று படித்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று ஒருத்தி நினைத்துவிட்டாள்.

"ஷூட்" என்றால் வில்லிலிருந்து அம்பு. சந்திலிருந்து ஒரு ஆட்டோ திடீரென்று வெளிப்பட்டால் "ஷாட் அவுட்". "ஸ்பீட்" பெரும்பாலும் வண்டிக்கு, இறந்தகாலம் "ஸ்பெட்". ஒருவர் "வாஸ் ஸ்பீடிங்" என்றால் வெறுமனே வேகமாகப் போனார் என்று அர்த்தமில்லை, அனுமதித்த வேகத்தை மீறினார் என்று அர்த்தம். விபத்து அறிக்கையில் இதுவும் ஒரு கண்ணிவெடி. "ஜிப்" இலகுவான வேகம், சிட்டாய்ப் பறப்பது, நெரிசலில் ஸ்கூட்டி போவது மாதிரி.

ஆறாவது: கூட்டம்

ரயில் கிளம்பும் ஸ்டேஷனில் வண்டி முழுசாக நிற்கும் முன்பே ஜன்னலோர சீட்டுக்காகக் கை, கால், பை எல்லாவற்றையும் போட்டு ஏறுவார்கள். அது "ஸ்கிராம்பிள்". விழுந்தடித்துக்கொண்டு போவது. கைகளும் வேலை செய்ய வேண்டும், ஒழுங்கு இருக்கக் கூடாது, பெரும்பாலும் போட்டி போட ஒரு பொருள் இருக்கும். முட்டையை உடைத்துக் கலக்குவதும் இதே சொல்தான். காலை 8:30-க்கு இரண்டாம் வகுப்புப் பெட்டியில் ஏறியவருக்கு முட்டையின் கஷ்டம் புரியும்.

"ஸர்ஜ்" என்றால் அலைபோல ஒரே திசையில் கூட்டம் பொங்கி நகர்வது. இந்தப் பொருளில் தனி ஆள் "ஸர்ஜ்" ஆக முடியாது.

"ஸ்டாம்பீட்" பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாக. ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், மாட்டு மந்தை மிரண்டு ஓடுவதைக் குறித்தது. 2017 செப்டம்பர் 29 அன்று, இன்று பிரபாதேவி என்று பெயர் மாறியிருக்கும் எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் நடைபாலத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் ரயிலில் இருந்து இறங்கிய கூட்டமும் நெருங்கி, 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தலைப்புச் செய்திகளில் வந்த சொல் "ஸ்டாம்பீட்". இப்படிப்பட்ட சாவுகளில் பெரும்பாலும் யாரும் ஓடுவதே இல்லை, அசையக்கூட இடமில்லாமல் மூச்சுத் திணறித்தான் இறக்கிறார்கள். அதனால் கூட்டப் பாதுகாப்பு பற்றி எழுதுபவர்களில் பலர் "கிரவுட் கிரஷ்" என்ற சொல்லையே பயன்படுத்துகிறார்கள். "ஸ்டாம்பீட்" என்றால் மிரண்டு ஓடிய மந்தையின் மேல் பழி விழுகிறது. "கிரஷ்" என்றால் இடம் ஏன் போதவில்லை என்ற கேள்வி எழுகிறது. தமிழில் "நெரிசலில் சிக்கி" என்று எழுதுகிறோமே, அது சரியான சொல்.

ஏழாவது: வாலை மாற்றினால் கதை மாறும்

சரியான வினை கிடைத்தாலும், பின்னால் ஒட்டும் சிறு சொல் தவறினால் அர்த்தம் திரும்பிவிடும். "ரன் டு மீ" என்றால் குழந்தை என்னிடம் ஓடி வருகிறது. "ரன் அட் மீ" என்றால் அடிக்க வருகிறான். "டு" என்பது சேருமிடம், "அட்" என்பது குறி. "சார்ஜ்" எப்போதும் "அட்" பக்கம் சாயும். "விஸ்", "ஸூம்" இரண்டும் "பாஸ்ட்" இல்லாமல் தவிக்கும், கடப்பதுதானே அவற்றின் வேலை. "ஹர்ட்டில்" கூட "டுவர்ட்ஸ்" வந்தால் வயிற்றைக் கலக்கும். "போல்ட் ஃபார் த டோர்" என்றால் கதவை நோக்கி, "போல்ட் த டோர்" என்றால் கதவுக்குத் தாழ்ப்பாள். நடுவில் இருக்கும் "ஃபார்" போனால் திருடன் வீட்டுக்காரன் ஆகிவிடுவான்.

இன்னொன்று: இவற்றில் மற்றவரை ஓட வைக்கக்கூடியவை கொஞ்சம்தான். "ரஷ்", "ஹரி" இரண்டும் அதற்கு ஒத்துவரும். ஒருவரை ஆஸ்பத்திரிக்கு "ரஷ்" பண்ணலாம், "டாஷ்" பண்ண முடியாது, "ஸ்பிரிண்ட்" பண்ண முடியாது.

நேரத்தை வைத்தும் சோதிக்கலாம். வாக்கியத்தில் "ஒரு மணி நேரம்" சேர்த்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் "ரேஸ்" பண்ணலாம், "ஹரி" பண்ணலாம். ஒரு மணி நேரம் "போல்ட்" பண்ணினான், "டாஷ்" பண்ணினான் என்றால் சிரிப்பார்கள். அவை கண்ணிமைக்கும் நேரத்துச் சொற்கள்.

பயிற்சி

கடைசி வகுப்பில் இதைக் கொடுப்பேன். தாதர் பூ மார்க்கெட் பக்கம், ஜூலை மாதம். எல்லா வரியிலும் வேண்டுமென்றே வெறும் "ஓடு":

மழை கொட்டியதும் பூக்காரம்மா கூடையோடு மேம்பாலத்தின் அடியில் ஒதுங்க ஓடினார். அவர் பேரன் மழைக்குள்ளேயே ஓடினான். டிக்கெட் பரிசோதகரைப் பார்த்ததும் டிக்கெட் இல்லாத ஒருவன் ஓடினான். பிளாட்பாரம் மாறிவிட்டது என்று அறிவித்ததும் எல்லாரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். கூட்டத்தில் கை விட்டுப்போன குழந்தையைப் பார்த்ததும் ஒரு அம்மா ஓடினார்.

பூக்காரம்மாவுக்கு "ஸ்கரி" என்று எல்லாரும் எழுதிவிடுவார்கள். வயதானவரைக் கொஞ்சம் சின்னதாக்குகிறதே என்று எனக்கு உறுத்தும், "ஹரி" எழுதினாலும் மதிப்பெண் தருவேன். பேரனுக்கு "ஸ்கேம்பர்", அதில் சண்டையே இல்லை. டிக்கெட் இல்லாதவனுக்கு "போல்ட்". டிக்கெட் இல்லை என்று வாக்கியமே சொல்லிவிட்டதால் பழி நம் மேல் வராது. படிக்கட்டுக் கூட்டத்துக்கு "ரஷ்", தள்ளுமுள்ளு இருந்தால் "ஸ்கிராம்பிள்".

அந்த அம்மாவுக்கு என்ன வினை என்பதில்தான் போன வருடம் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தூரம் கொஞ்சம், அதனால் "டாஷ்" என்றது ஒரு கட்சி. பதற்றம் இருக்கிறது, "ரஷ்" என்றது இன்னொரு கட்சி. கடைசி பெஞ்சில் இருந்த பெண் மட்டும் "ஃப்ளூ" என்று எழுதியிருந்தாள், பறந்தாள். நான் என் பட்டியலில் அதை வைத்திருக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"நான் ஒருநாள் குர்லா ஸ்டேஷன்ல தொலைஞ்சு போயிட்டேன் சார். எங்கம்மா வந்ததைப் பார்த்தேன். கால் தரையில படவே இல்ல."